மதுரையில் உங்கள் தெருவின் வரலாற்றைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை என்றால் மீனாட்சி கோயில், நாயக்கர் மகால் என்று பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நடக்கும்போது என்னைக் கேட்பவர்களின் கேள்வி வேறு. "எங்க தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்?", "எங்க வீடு எப்போ கட்டினது?", "இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?" மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவே பல வருடம் அலைந்து, காகிதங்களைப் புரட்டி, பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் என்ன புத்தகம் படிக்க வேண்டும்?

புத்தகம் அப்புறம். முதலில் வீட்டில் இருக்கும் பீரோவைத் திறங்கள். பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வீட்டு வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பாண்டியர் காலத்திலிருந்து தொடங்கி உங்கள் வாசலுக்கு வந்து சேர நினைத்தால் வழியிலேயே களைத்துப் போவீர்கள். வாசலிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். நானும் முதலில் ராஜாக்கள் வரலாற்றைத்தான் குறிப்பெடுத்தேன். இரண்டு நோட்டு நிறைந்த பிறகும் எங்கள் தெருவைப் பற்றி ஒரு வரி தேறவில்லை.

பழைய பத்திரத்தை எப்படி வாசிப்பது? மொழியே புரியவில்லையே?

பொறுமையாக ஒரு பத்திரத்தை வாசித்துவிட்டால் அடுத்தது தானாகப் புரியும். விற்றவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், குடியிருக்கும் இடம், செய்யும் தொழில், பிறகு வாங்குபவர், தொகை, கடைசியில் சொத்து விவரம் என்று ஒரே ஒழுங்கில்தான் வரும். வரலாறு தேடுபவருக்குத் தங்கம் அந்தக் கடைசிப் பகுதிதான். நான்கெல்லை, அதாவது மனையின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்ற விவரம், அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தாத்தா வாங்கிய வீட்டுப் பத்திரத்தில் இப்படி இருக்கிறது: "தெருவுக்கு மேற்கு, ஜட்கா லாயத்துக்கு வடக்கு, செட்டியார் வீட்டுக்குக் கிழக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு." முதல் முறை வாசித்தபோது மேற்கே தெரு இருந்தது என்று எழுதிக்கொண்டேன். தப்பு. தெருவுக்கு மேற்கில் நம் வீடு இருக்கிறது என்று பொருள். அதாவது தெரு நமக்குக் கிழக்கே. புதிதாக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் ஒரு பத்திரத்திலிருந்து ஐந்து மனைகளுக்கான வரைபடம் கிடைத்துவிடும்.

அந்த ஜட்கா லாயம், அதாவது குதிரை வண்டிக் கொட்டடி, என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டுக்குத் தெற்கே இப்போது ஒரு லாட்ஜ். அதற்கு முன் அங்கே குதிரைகள் கட்டியிருந்தன என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. ரயிலில் வருகிறவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போக ஜட்காக்கள், ஜட்காக்களுக்கு லாயம். நான்கெல்லையில் இருந்த ஒரே ஒரு சொல்லிலிருந்து தெருவின் பழைய பிழைப்பு தெரிந்தது.

இன்னும் சில சொற்கள்: "தென்வடல்" என்றால் தெற்கு வடக்கு நீளம், "கீழ்மேல்" என்றால் கிழக்கு மேற்கு நீளம். "கிணற்றில் பாதி பாத்தியம்" என்று இருந்தால் ஒரு பெரிய வீடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். "மாமூல் நடைபாதை" என்றால் எழுத்தில் வருவதற்கு முன்பே ஜனங்கள் அந்த வழியாக நடந்திருக்கிறார்கள்.

"விகாரி வருஷம்", "பசலி 1309" என்றெல்லாம் இருக்கிறது. இது எந்த ஆண்டு?

பசலி என்பது வருவாய்த் துறை ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவதால் இரண்டு ஆண்டுகளைத் தொடும். பசலி 1309 என்றால் 1899 ஜூலை முதல் 1900 ஜூன் வரை. கல்வெட்டில் சக ஆண்டு வந்தால் 78-ஐக் கூட்டுங்கள்.

தமிழ் வருடப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். விகாரி 1899-லும் வந்தது, 1959-லும் வந்தது, 2019-லும் வந்தது. பக்கத்தில் பசலியோ, முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா ராணி தலையோ இருந்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். பத்திரமே இல்லை. என்ன செய்வது?

பத்திரப் பதிவு 1860-களிலிருந்து நடக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஒரு மனை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று வரிசையாகத் தெரியும். கணினியில் ஏறியது பெரும்பாலும் 1975-க்குப் பிறகானது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், கொஞ்சம் நாளும் ஆகும். வார்டு, பிளாக், நகர நில அளவை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். கதவு எண்ணை நம்பிப் போகாதீர்கள். அது பலமுறை மாறியிருக்கும்.

பத்திரத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்றும் இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போங்கள். மணியில், குத்துவிளக்கில், படிக்கல்லில், ஏன், ட்யூப் லைட்டில்கூட "உபயம்" என்று பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை வரிசையாக எழுதினால் அந்தத் தெருவில் யார் யார் கடை வைத்திருந்தார்கள், எந்தத் தொழில் செழித்தது என்பது வந்துவிடும். பித்தளைப் பாத்திரங்களையும் பாருங்கள். சீர் கொடுத்த அண்டாவில் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் உளியால் வெட்டியிருப்பார்கள். பழைய பாத்திரக் கடைக்கு எடைக்குப் போகும் ஒவ்வொரு அண்டாவோடும் ஒரு கல்யாணத்தின் பதிவு உருகிப் போகிறது. போடுவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாயக்கர் காலத்தில் மதுரையைச் சுற்றிக் கோட்டை இருந்தது. விசுவநாத நாயக்கர் கட்டிய அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் கோட்டைக்குள் நெரிந்து கிடந்தது. அகழியில் தண்ணீர் தேங்கிக் காய்ச்சல் பரவியது. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அப்படிக் கிடைத்த இடத்தில்தான் நான்கு வெளி வீதிகளும் உள்ளே மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் உருவாயின. மாரட் நில அளவை வேலை பார்த்தவர். பெருமாள் அந்த வேலையில் மேஸ்திரி. மன்னர்களின் ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி இருக்கிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

கலெக்டருக்கும் நினைவுச் சின்னம் உண்டு. தெற்கு மாசி வீதியும் கீழ மாசி வீதியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் விளக்குத்தூண் அவர் நினைவாக எழுந்ததுதான். தினமும் அதைச் சுற்றிப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பஸ் நிறுத்தத்தின் பெயர்.

இதைக் காலால் சரிபார்க்கலாம். கீழவாசல், தெற்குவாசல் என்ற பெயர்களே கோட்டை வாசல் இருந்த இடத்தைச் சொல்கின்றன. மேலவாசல் பக்கம், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அங்கே தொடங்கி வெளி வீதிகளைச் சுற்றி நடந்தால் நீங்கள் நடப்பது அகழியின் மேல். கோயிலுக்குக் கிழக்கே நெருக்கடியான கடைகளுக்கு நடுவே விட்டவாசல் நிற்கிறது. இது இன்னும் பழைய கோட்டையின் வாசல், இடிக்காமல் விட்டதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் பத்துத்தூண் இருக்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனை இப்போது மகாலாகப் பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியது என்பதற்கு ஜவுளிக் கடைகளுக்கு இடையே நிற்கும் அந்தப் பத்துத் தூண்களே சாட்சி.

சிம்மக்கல், யானைக்கல் ஆகியவை கல் சிங்கத்தாலும் கல் யானையாலும் வந்த பெயர்கள். அவ்வளவுதான்.

மாசி வீதியில் ஏன் சித்திரையில் தேர் ஓடுகிறது?

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காக விரிகின்றன. எந்த மாதத் திருவிழா எந்த வீதியில் வலம் வந்ததோ அந்தப் பெயர். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மரபு. தேர் பெரிது, பழைய வீதியே அதற்குத் தாங்கும். ஆக, விழா மாதம் மாறியது, வீதிப் பெயர் மாறவில்லை.

கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி உண்டா?

தொல்லியல் துறை படியெடுத்த கல்வெட்டுகளின் சுருக்கம் ஆண்டறிக்கைகளிலும், முழு வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் அச்சாகியிருக்கிறது. தொகுதிகள் 1890-லிருந்து வருகின்றன. ஊர்ப் பெயரைத் தேடி வாசகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லின் முன் போய் நில்லுங்கள். எழுத்து மெல்லப் பழகும். கல்லின் மேல் மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். சாயங்காலச் சாய்வு வெளிச்சம் போதும்.

ராஜாவின் புகழைப் பாடும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியைத் தாண்டி, கடைசியில் வரும் நில விவரத்தைப் பாருங்கள். கோரிப்பாளையம் தர்காவில் 1573-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியர் காலத்தில் கொடுக்கப்பட்ட ஆறு கிராமங்களைப் பற்றித் தகராறு வந்தது. வீரப்ப நாயக்கர் விசாரித்துப் பழைய உரிமையே செல்லும் என்று உறுதி செய்தார். உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கும் அந்தக் கல்லுக்கும் வேலை ஒன்றுதான்.

எந்தக் காப்பகத்தில் எது கிடைக்கும்?

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் திறந்த கட்டடம். மதுரை மாவட்டத்துக் கலெக்டர் அலுவலகத்தின் பழைய கடிதங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. இனாம் நிலம், சத்திரம், கோயில் மானியம் பற்றித் தேடுபவர்கள் 1860-களில் எழுதிய இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். வக்கீல்கள் வாயில் அது ஐ.எஃப்.ஆர். யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதியிருக்கும்.

போவதற்கு முன் கேள்வியைச் சுருக்குங்கள். "மதுரை வரலாறு வேண்டும்" என்று கேட்டால் அங்கே இருப்பவர் என்ன எடுத்துத் தருவார்? "இன்ன சத்திரம், இன்ன பத்தாண்டு" என்று கேட்டால் அட்டவணையில் தேட முடியும். அடையாளச் சான்றும் நோக்கம் எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். அனுமதி முறையைப் போன் செய்து கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். ஓர் அலுவலகத்தில் நான் கேட்ட கட்டு "இல்லை" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். மூன்றாம் முறை வேறு எண்ணில் இருந்தது. வரிசை எண் ஒன்று தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான். இல்லை என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள்.

மதுரையிலேயே பார்க்க வேண்டியவை: 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம். அங்கிருந்து வெளிவந்த 'செந்தமிழ்' இதழ்கள் ஊர் வரலாற்றுக்கும் உதவும். அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூர் நினைவு நூலகம். அமெரிக்க மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தெருவில் கண்ட நோய் நொடி என்று அவர்கள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்கள். தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், பங்குத்தந்தையிடம் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க நெல்சன் 1868-ல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடும் பிரான்சிஸ் 1906-ல் எழுதிய கெஜட்டியரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஆங்கிலம், இரண்டும் ஆட்சியாளர் கண்ணால் பார்த்தவை. அதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். தமிழில் அச்சான பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்தவை அவை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் அவர் சேர்த்து வைத்தார். கோயிலின் எந்த மண்டபத்தை யார் கட்டினார்கள் என்று தேடுபவர்களுக்கு 'மதுரைத் திருப்பணிமாலை' இருக்கிறது.

பழைய புகைப்படங்கள் கிடைக்குமா?

கிடைக்கும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையைப் படம் எடுத்தார். கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், அரண்மனை எல்லாம் உண்டு. விளக்குத்தூணும் உண்டு. அந்தப் படத்தை போனில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்த்தேன். தூண் ஒன்றுதான், சுற்றிலும் இருந்த வெளிதான் காணாமல் போய்விட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் தொகுப்பு வழியாக இவற்றை இணையத்தில் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய காப்பகம் வீட்டு ஆல்பங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் கடைப் பலகையையும் திண்ணையையும் பாருங்கள்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? ஆண்டு கேட்டால் சொல்லத் தெரியவில்லையே?

ஆண்டைக் கேட்காதீர்கள். ஒரு பாட்டியிடம் தெருக்கிணறு எப்போது மூடினார்கள் என்று கேட்டேன். "கும்பாபிஷேகத்துக்கு முந்தின வருசம்யா, எங்க மாமனார் அப்பத்தான் தவறினாரு" என்றார். மீனாட்சி கோயில் கும்பாபிஷேகம் 1963, 1974, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. மாமனார் காலத்தைப் பார்த்தால் 1963-தான். ஆக கிணறு மூடியது 1962. இதேபோல 1981 உலகத் தமிழ் மாநாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களின் வீட்டில் 1939 ஆலயப் பிரவேசத்தைப் பற்றிப் பெற்றோர் சொன்ன கதை இருக்கும். மேல மாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பரில் தங்கி, சட்டையை விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தா பார்த்தாராம் என்று சொல்பவர்கள் உண்டு.

நோட்டை முதல் நாளே நீட்டாதீர்கள். இரண்டு முறை சும்மா போய்ப் பேசுங்கள். பழைய படம் ஒன்றைக் கொண்டுபோனால் பேச்சு தானாக வரும். சமையல்கட்டில் இருக்கும் அம்மாக்களிடம் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் யார் வீட்டுக்குள் வரலாம், யார் வாசலோடு நின்றார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சொல்வது புராணமா, வரலாறா என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துத் தூக்கிப் போட வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். மாரியம்மன் தெப்பக்குளம் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம், அங்கே கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. காகிதம் ஒன்று சொல்கிறது, ஊர் ஒன்று சொல்கிறது என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

சாதிப் பெயர்கள், சொத்துத் தகராறுகள் எல்லாம் வருகின்றன. எழுதலாமா?

பழைய பதிவுகளில் ஒவ்வொரு பெயரோடும் சாதி இருக்கும். சில தெருக்களின் பெயரே அப்படித்தான். யார் எங்கே குடியிருக்க விடப்பட்டார்கள் என்பதும் தெருவின் வரலாறுதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் இன்று வாழும் ஒரு குடும்பத்தைச் சுட்டும்படி, அவர்கள் அனுமதி இல்லாமல் எழுதுவது சரியல்ல. நடந்துகொண்டிருக்கும் பாகத் தகராறைத் தொடவே தொடாதீர்கள். பத்திரம் கேட்டுப் போனால் உங்களை வீட்டு புரோக்கர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கிடைத்த காகிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் போடாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் அந்த இடம் பழுத்து உதிரும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் இரு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்து முத்திரைகளில்தான் பதிவு எண் இருக்கும். படங்களின் பின்னால் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களாக எண்ணெய் தடவாமல், பிரிக்காமல், சுவடி நூலகத்தாரிடம் கேளுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு என்ன செய்வது?

ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு. இடதுபக்கம் வீடு வீடாக இன்று இருப்பது, வலதுபக்கம் அதே இடத்தில் முன்பு இருந்தது. தெரியாத வீட்டுக்கு எதிரே காலியாக விடுங்கள், யாராவது வந்து நிரப்புவார்கள். பிரதி எடுத்துத் தெரு நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். எங்கள் தெரு நோட்டில் 41 வீடுகள். அதில் 29-க்கு வலதுபக்கம் எழுதியாயிற்று. பிரதியை டீக்கடையில் வைத்த மறுநாள், லாயத்தில் கட்டியிருந்த ஒரு குதிரையின் பெயர் ராணி என்று யாரோ பேனாவால் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.